நாய்க்கு உண்டு, புர்கிக்கு இல்லை

புர்கிக்கு வயது ஐம்பத்தெட்டு. கிராஸ்பாக் ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறாள். பள்ளிக்கு விடுமுறை விட்டால் மான்களை ஏமாற்றுகிறாள். விடுமுறையும் மான்களின் காதல் பருவமும் ஒரே சமயத்தில் வருவது கடவுள் அவளுக்கென்றே போட்டுக் கொடுத்த ஏற்பாடு.

மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் இருக்கும் லைலாக் செடியில் ஓர் இலையைப் பறித்து உதட்டில் வைத்து ஊதினாளென்றால், பெட்டை மான் சிணுங்குவது போலவே இருக்கும். "பீய்... பீய்..." அவ்வளவுதான். எங்கோ கோதுமை வயலில் படுத்திருக்கும் கலைமான், பந்தி போட்டாயிற்று என்று கேள்விப்பட்ட சம்பந்தி மாதிரி விழுந்தடித்து ஓடி வரும். பரண்மேல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் அவள் கணவன் கயெத்தான் அதைச் சுடுவான். சில நாள் மானையும் சுடுவான், பல நாள் மரத்தைத்தான்.

இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓடியது. சண்டை வந்தது ஒரு கொத்து இலையால்.

அந்த ஊர் வேட்டை வழக்கப்படி, மான் விழுந்ததும் ஊசியிலை மரத்தில் ஒரு சின்னக் கொத்தை ஒடித்து, ரத்தத்தில் தொட்டு, சுட்டவன் தொப்பியில் செருகிக்கொள்ள வேண்டும். கயெத்தான் செருகினானென்றால் அன்று முழுக்கக் கழற்ற மாட்டான். பீர்க் கடைக்குப் போகும்போது தேவையே இல்லாத இரண்டு தெருக்களைச் சுற்றிக்கொண்டு போவான். அடிபட்டு ஓடிய மானை நாய் மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்தால், அந்தக் கொத்தில் ஒரு துண்டை நாயின் கழுத்துப்பட்டையில் செருகுவதும் வழக்கம்.

இந்த ஜூலை கடைசியில் அவர்களுடைய குட்டைக்கால் நாய் லும்பி முட்புதருக்குள் புகுந்து மானைக் கண்டுபிடித்தது. கயெத்தான் தன் தொப்பியில் ஒன்றும் நாயின் கழுத்தில் ஒன்றும் செருகினான். லும்பி தன் பங்கைத் தின்னப் பார்த்தது. புர்கிக்கு வயிறு எரிந்தது.

"எனக்கு எங்கய்யா?"

"உனக்கு எதுக்குடி? நீ சுட்டியா?"

"லும்பி சுட்டுச்சா?"

"அது மோப்பம் புடிச்சுது. சுட்டவனுக்கு ஒண்ணு, நாய்க்கு ஒண்ணு. ஊதுறவளுக்குன்னு யாரும் சொல்லி வெக்கல. வழக்கம்னா வழக்கம்தான்."

"அப்ப நாளையிலேர்ந்து உன் நாயையே ஊதச் சொல்லு."

இலையைக் கசக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மூன்று நாளில் வழிக்கு வந்துவிடுவாள் என்று கயெத்தான் நினைத்தான். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் அவளைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டவுனுக்குப் போய் அமுக்கினால் பெட்டை மான் போலக் கத்தும் ரப்பர் ஊதுகுழல் ஒன்று வாங்கி வந்தான். முதல் நாள் அமுக்கியதற்கு ஒரு நரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. இரண்டாம் நாள் ஓடைக்கு அந்தப் பக்கத்துக் காட்டை வேட்டைக்காகக் குத்தகைக்கு எடுத்திருக்கும் குயிரின் என்பவன் வந்து நின்றான்.

"என்னடா இங்க?" என்றான் கயெத்தான்.

"ஒண்ணுமில்லண்ணே. யாராச்சும் பூனை மேல உக்காந்துட்டாங்களோன்னு பாக்க வந்தேன்."

கயெத்தானுக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் அவனுடைய உண்மையான கவலை வேறு. அந்த ஓடைக்கரையில் ஒற்றைக்கொம்பன் என்று ஒரு கிழட்டுக் கலைமான் திரிந்தது. ஐந்து வருடமாக இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் சத்தம் கேட்டால் அது தலையைக்கூடத் தூக்காது.

இது புர்கிக்கும் தெரியும். ஆகஸ்ட் பத்தாம் தேதி, பருவம் முடியப் போகிற நேரம், குயிரின் பாலாடைக்கட்டி போடும் கூடத்துக்கே போய் நின்றாள்.

"குயிரினு, உன் பக்கம் வந்து ஊதுறேன். கொத்துல பாதி எனக்கு வேணும்."

"வழக்கம் இல்லையேக்கா. ஊருல என்ன சொல்லுவாங்க?"

"ஒத்தக்கொம்பன்."

"பாதி என்னக்கா, மரத்தையே வெட்டித் தரேன்!"

மறுநாள் உச்சிவெயில். கயெத்தான் தன் பரணில் வியர்த்து வழிய உட்கார்ந்து ரப்பரை அமுக்கிக்கொண்டிருந்தான். ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. "பீய்... பீய்..."

வேறு யாராவது கேட்டிருந்தால் மான் என்றே சத்தியம் பண்ணியிருப்பார்கள். கயெத்தானுக்குத் தெரிந்துவிட்டது.

நாணல் விலகியது. ஒற்றைக்கொம்பன்! முப்பதே அடி தூரம், அவனுடைய கரையில், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கயெத்தான் துப்பாக்கியைத் தூக்கினான். மானுக்கு நேர் பின்னால், எதிர்க்கரைப் புதரிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம் வந்தது. குண்டு தவறினால் எங்கே போகும் என்று அவன் யோசிக்கவே தேவையில்லை. அவன் குறியைப் பற்றி அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? துப்பாக்கியை மடியில் வைத்துவிட்டுப் பெண்டாட்டியை வாயார வைதான்.

ஒற்றைக்கொம்பன் ஓடையைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது, ஒரே ஒரு முறை.

கயெத்தான் பூட்சோடு தண்ணீரில் இறங்கிப் போனபோது குயிரின் கொத்தை ஒடித்து முடித்திருந்தான். பாதி அவன் தொப்பியில். மீதிப் பாதி புர்கியிடம். அவளுக்குத் தொப்பி கிடையாது. காதுக்கு மேலே பின்னலில் செருகிக்கொண்டு, நரைத்த தலையை ஆட்டாமல் அசைக்காமல் நின்றாள்.

கொத்து செருகியவரைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றி "வேட்டை வாழ்க" என்று சொல்லியாக வேண்டும். பரம எதிரியானாலும் விலக்கு இல்லை. கயெத்தான் குயிரினிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"எனக்குச் சொன்னது சரிண்ணே," என்றான் குயிரின். "கொத்து ரெண்டு பேரு வெச்சிருக்கோமே?"

கயெத்தான் வானத்தைப் பார்த்தான். செத்த மானைப் பார்த்தான். பின்னாலேயே வந்து நின்ற லும்பியைக்கூடப் பார்த்தான். பிறகு தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு முணுமுணுத்தான்.

"காதுல விழலய்யா," என்றாள் புர்கி.

"வேட்டை வாழ்க, புர்கி!" என்று கத்தினான். கரையோரப் புறாக்கள் எழுந்து பறந்தன.

இதற்கு "வேட்டைக்கு நன்றி" என்று பதில் சொல்ல வேண்டும். அடுத்தவர் சொல்லி அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஆனால் அவளைப் பார்த்து யாரும் இதுவரை "வேட்டை வாழ்க" என்று சொன்னதில்லை. கண் நிறைந்துவிட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.