சோடா மெசினின் திறப்பு

பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு என் கணவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். திறப்பு. அதுவும் முழுதாக வராது. ‘திறப்’ என்று தொடங்கி, உதடு இரண்டும் மூடியபடி நின்றுவிடும். மீதியை நான் நிரப்பிக்கொள்வேன். முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவளுக்கு ஒரு ‘பு’ போடுவது பெரிய வேலையா?

அந்தச் சொல்லும் எல்லா நேரமும் வராது. பின் விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினால்தான் வரும். அங்கே அவருக்கு எதிரே, தார்ப்பாய்ப் படங்கால் மூடியபடி, ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது ஒரு சோடா மெசின். காசு போட்டால் குளிர்ந்த சோடாப் போத்தல் தருகிற, அந்தக் காலத்து அமெரிக்க மெசின். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பழைய விடுதியை இடித்தபோது, இவர் போய் அதை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வாழ்நாள் முழுக்க பிரிட்ஜ் திருத்தியவர். இளந்தாரியாக இருந்தபோது இதே மெசினுக்குக் காஸ் அடித்தவராம்.

“உலகத்திலயே வடிவான சாமான் இதுதான்,” என்றார்.

“உங்கட உலகம் பழைய இரும்புக் கடையோட முடிஞ்சுபோச்சு,” என்றேன்.

அவர் துருவைச் சுரண்டத் தொடங்கி ஒரு மாதம் ஆகவில்லை, விழுந்துவிட்டார். அந்தப் பேச்சுத்தான் நாங்கள் இரண்டு பேரும் அந்த மெசினைப் பற்றிக் கதைத்த கடைசிப் பேச்சாகப் போனது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை நல்ல பொறுமைசாலி. “சில பேருக்கு ஒரு சொல்லு மட்டும் சிக்கிக்கொள்ளும் ரீச்சர். அவசரப்படுத்தாதேங்கோ,” என்றாள். பொறுமை என்பது எனக்கு அரிசியில் கல் பொறுக்குவதற்கே காணாது. ஆனாலும் பொறுத்தேன். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். எப்போதும் எதையாவது நோண்டிக்கொண்டு, என் பேச்சுக்கெல்லாம் எதிர்ப்பேச்சுப் பேசின அந்த மனுசன் இன்னும் உள்ளே இருக்கிறாரா, இல்லையா? யாரிடம் கேட்பது? அவரிடம் கேட்டால் ‘திறப்’ என்பார்.

சரி, மெசின் பூட்டின் திறப்பைத்தான் கேட்கிறார், மெசினைத் திறந்து காட்டினாலாவது மனம் ஆறட்டும் என்று தேடினேன். அலுமாரி, அவருடைய காற்சட்டைப் பைகள், ஒன்றும் விடவில்லை. விறாந்தைத் தட்டில் எண்ணெய் ஊற்றி வைத்திருந்த பால்மாத் தகரத்தையும் கவிழ்த்தேன். ஆணி, நட்டு, வாய் பிளந்தமாதிரி ஓர் இரும்புத் துண்டு. திறப்பு இல்லை. எல்லாவற்றையும் திரும்ப அள்ளிப் போட்டபோது, அவர் இடது கையால் கதிரைப் பிடியில் ஓங்கி அடித்தார். “நான் என்ன, ஒளிச்சு வச்சிருக்கிறனா?” என்று நானும் கத்தினேன். பிறகு குசினிக்குள் போய் அழுதேன். கோபம் வந்தால் எனக்கு அதுதான் வரிசை.

கடைசியில் கிண்ணியாவிலிருந்து, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணனை வரச்சொன்னேன். அவரும் பிரிட்ஜ் திருத்துகிறவர். என் கணவரோடு இருபது வருடம் ஒன்றாக வேலை செய்தவர். படங்கை விலக்கிப் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, இது திருத்திற சாமானில்ல. தூக்கி அடக்கம் பண்ற சாமான்.”

“ஏலாதெண்டு சொல்லுங்கோ, நான் வேற ஆளைப் பாக்கிறன்.”

“ஏலாதெண்டு ஆரு சொன்ன?” என்றார், முகம் சிவந்து. பூட்டைத் துளைத்துக் கதவைத் திறந்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். மேலே குளவி கட்டிய மண்கூடு, கீழே பல்லி முட்டைகள், அரையடிக்கு மணல். ஆனால் அவற்றுக்கு நடுவே இருந்ததுதான் அதிசயம். இரும்புத் தகடுகள், கம்பிகள், நெம்புகோல்கள், ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டமாதிரி. மூளை என்று சொல்ல ஒரு வயர்கூட இல்லை. நானா ஒவ்வொன்றாக விளக்கினார். காசு விழுகிற பாரத்தில் ஒரு தகடு சாய்கிறது. அது சாய்ந்தால் போத்தல்களின் கழுத்தைப் பிடித்திருக்கும் பிடி தளர்கிறது. ஒரு போத்தலை இழுத்தால், அந்த இழுவையே மற்ற எல்லாவற்றையும் பூட்டிவிடுகிறது. ஒரு காசுக்கு ஒன்றுதான். இரண்டாவதை இழுக்க ஏலாது. இதை யோசித்தவனை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த விறாந்தையில் நின்றபடி அவனைக் கும்பிட்டேன், உண்மையாகவே.

அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. நானா வெள்ளிக்கிழமை தவிர்த்து நேரம் கிடைத்தபோதெல்லாம் வந்தார். இறுகிப்போன கொம்பிரசரைக் கழற்றி, சின்ன பிரிட்ஜ் ஒன்றின் கொம்பிரசரைப் பொருத்தினார். நான் உப்புத்தாளால் தேய்த்தேன். துறைமுகத்துக் காற்றில் உப்பு இருக்கிறதே, அது தின்னாத இரும்பு கிடையாது. தேய்க்கத் தேய்க்கத் துருவுக்கடியில் சிவப்பும், சிவப்புக்கடியில் வேறொரு சிவப்பும் வந்தது. எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு மாதிரித் திரிகிற மான்கள் வாசலில் வந்து நானாவின் மட்டைப் பெட்டியை மென்றுகொண்டு நிற்கும். இவர் கதிரையில் இருந்தபடி என் கையையே பார்ப்பார். முன் கதவில் பெயின்ற் அடிக்கும்போது, காசு போடும் துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு சின்ன ஓட்டைகளை நான் பசை வைத்து அடைக்கப் போனேன். “திறப்! திறப்!” என்று ஒரே சத்தம். கதிரையே ஆடிப்போயிற்று. பயந்து, அடைக்காமல் பசையைக் கீழே வைத்துவிட்டேன். நானா புதுப் பூட்டுப் போட்டு, புதுத் திறப்பை அவர் கையில் கொடுத்தார். வாங்கிப் பார்த்துவிட்டு மடியில் போட்டார். கண் கலங்கியிருந்தது. சந்தோசம் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, மெசினுக்குக் கரண்ட் கொடுத்தோம். அதன் வோல்ட் வேறு, எங்கள் வோல்ட் வேறு; இடையில் ஒரு ட்ரான்ஸ்போமர் வைத்திருந்தார் நானா. முதலில் ஓர் இருமல். பிறகு பூனை உறுமுகிறமாதிரி மெல்லிய சத்தம். மூன்று மணித்தியாலம் கழித்து, முன்பக்கத்துச் சின்னக் கண்ணாடிக் கதவில் வியர்வை பூத்தது. உள்ளே நாங்கள் அடுக்கியிருந்த போத்தல்களின் கழுத்துகள் வரிசையாகத் தெரிந்தன. அவ்வளவு அழகு.

காசு போட்டோம், போகவில்லை. இப்போதைய காசில் இரும்பு இருக்கிறதாம். உள்ளே இருக்கிற காந்தம் அதைக் கள்ளக் காசென்று பிடித்துக்கொண்டது. “பாத்தியளா, எங்கட காசை நம்புதில்ல!” என்று நானா விழுந்து விழுந்து சிரித்தார். தையல் பெட்டிக்குள் கிடந்த பழைய ஒரு ரூபாயைக் கொண்டுவந்து போட்டேன். ‘டக்’ என்றது. கண்ணாடிக் கதவைத் திறந்து ஒரு கழுத்தைப் பிடித்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு என் கையோடு வந்தது, பனி பிடித்தபடி. இன்னொன்றை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

போத்தலை அவருடைய இடது கையில் கொடுத்தேன்.

“மூடிய எப்படித் திறக்கிற? பல்லாலயா?” என்றார் நானா.

“திறப்,” என்றார் இவர்.

“திறப்பு உங்கட மடியிலதானே கிடக்கு!” என்றேன். எனக்குப் பொறுமை போய்விட்டது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மெல்ல எழும்பினார். நானா ஓடிப்போய்த் தாங்கினார். காலை இழுத்து இழுத்து மெசின்வரைக்கும் போய், அந்த இரண்டு ஓட்டைகளுக்கும் மேலே போத்தலின் மூடியை வைத்துக் கீழே அழுத்திக் காட்டினார். ஒரு தடவை, இரண்டு தடவை. “திறப்… திறப்…”

எனக்கு உச்சந்தலையில் அடித்தமாதிரி இருந்தது. நாங்களெல்லாம் ஓப்பனர் என்போம். அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. போத்தல் திறப்பான் என்பார். ஓடிப்போய்ப் பால்மாத் தகரத்தைக் கவிழ்த்தேன். வாய் பிளந்த அந்த இரும்புத் துண்டு. அதன் முதுகில் இரண்டு ஓட்டைகள். விழுவதற்கு முன் அவர்தான் அதைக் கழற்றி, துரு இளகட்டும் என்று எண்ணெயில் போட்டிருக்கிறார். ஒன்றரை வருடமாக அதைத்தான் கேட்டிருக்கிறார், மெசினைப் பார்க்கும்போதெல்லாம், சரியான சொல்லால். சிக்கிக்கொண்ட சொல் ஒன்றுமில்லை. அந்தப் ‘பு’ நான் போட்டது.

நானா அதை மெசினின் ஓட்டைகளோடு பொருத்தி இரண்டு ஆணி முடுக்கினார். இவர் போத்தலை அதில் மாட்டி அழுத்தினார். மூடி தெறித்து, நுரை வழிந்தது. முதல் மிடறை அவர் குடிக்கவில்லை, எனக்கு நீட்டினார். வாங்கிக்கொண்டு, குடிக்க முடியாமல், “என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ,” என்றேன். கை அசைத்து, குடி என்று காட்டினார்.

அவர் உள்ளேதான் இருந்தார். எந்தப் பாகமும் கழலாமல், முழுசாக.

அதற்குப் பிறகு சொற்கள் பாதி பாதியாக வரத் தொடங்கின. நான் மீதியைப் போடுவதில்லை, கேட்கிறேன். இன்று விடிய, பின் விறாந்தையில் இருந்துகொண்டு, “கத…” என்றார்.

“கதவா?” இல்லை என்று தலையாட்டினார்.

“கதிரையா?” இல்லை.

“என்னைக் கதைக்கச் சொல்லுறியளோ?”

“ஓம்,” என்றார்.

கதிரை ஒன்றை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, நான் கதைக்கத் தொடங்கினேன்.