லோடு இல்லை என்று சொன்ன கம்பெனி

கல் ஏற்றி வரும்போது அண்ணன் ஸ்டியரிங்கிலேயே தூங்கிவிட்டான். ட்ரெய்லர் மணலில் இறங்கி நின்றது. வண்டிக்குச் சேதமில்லை, வெளியே விழுந்த அண்ணன்தான் போய்விட்டான். உடலை ஊருக்கு அனுப்பியதிலிருந்து நான் கண் மூடவில்லை.

வண்டி எங்கள் உழைப்பில் வாங்கியது. காகிதத்தில், எங்களுக்கு விசா கொடுத்த அரபி முதலாளி, கஃபீல் பெயர். இன்றைக்குள் ஏதாவது கம்பெனியில் சேர்க்காவிட்டால் விற்றுவிடுவேன் என்றார்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் முதலில் போன கம்பெனியில் லோடு பார்ப்பவர் கீழக்கரைக்காரர். என் முகத்தையே பார்த்தார்.

"தம்பி, கடைசியா எப்ப தூங்குன?"

"தூக்கம் வரல பாய். லோடு குடுங்க."

"இன்னைக்கு லோடு மாஃபி, இல்ல. தூங்கிட்டு வா, நாளைக்கு சேத்துக்கிறேன்."

"நாளைக்கு வண்டியே இருக்காது!" என்று கத்திவிட்டு, அடுத்த தெருவில் அண்ணன் ஓட்டிய கம்பெனிக்குப் போனேன். மதுரைக்கார மேனேஜர் நிமிரக்கூட இல்லை.

"லோடு ரெடி. யல்லா, கிளம்பு. உங்கண்ணன் தூங்கவே மாட்டான்டா. ரெண்டு ட்ரிப்பு சேர்ந்தாப்ல அடிப்பான். அப்படி ஓட்டணும்!"

நான் அந்த லோடை எடுக்கவில்லை. பாயிடமே திரும்பிப் போய், மேசையில் சாவியை வைத்தேன். அவர் போனை இழுத்தார்.

"கஃபீல் நம்பர சொல்லு. வண்டி நம்மகிட்ட சேந்தாச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். நீ போய்ப் படு."

அண்ணன் கேபினில் வைத்திருந்த தலையணையை எடுத்துக்கொண்டு ட்ரெய்லருக்கு அடியில், நிழலில் படுத்தேன். தலையணையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"போய்ப் படு" என்று அண்ணனிடம் நான்கூட ஒரு நாளும் சொன்னதில்லை.