ரீல் மாறிய ஆவி

எண்பதுகளின் தொடக்கத்தில் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலைக் குடியிருப்பின் மனமகிழ் மன்றத்துக்கு நான் சினிமாச் செயலாளர். பதவி அல்ல, தண்டனை. சனிக்கிழமை இருட்டியதும் மைதானத்தில் திரை கட்டிப் படம் போடவேண்டும். படம் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் ஏறமுடியாது.

அந்த வாரம், காமிக்ஸ் தொடர் ஒன்றிலிருந்து எடுத்த ஆங்கிலப் படம். சுடப்பட்டுச் செத்த போலீஸ்காரன் புகையாக எழுந்து, முகமூடி மாட்டிக்கொண்டு ஊரைக் காப்பாற்றுகிறான். புகைக்கு எதற்கு முகமூடி? அதை விடுங்கள், செத்த பிறகும் ஒருவன் டியூட்டிக்கு வருகிறான் என்றால் எங்கள் ஆட்கள் நம்புவார்களா? உயிரோடு இருந்தவர்களே மத்தியானத்துக்கு மேல் சீட்டில் அகப்படமாட்டார்கள்.

இந்தக் கண்றாவியைச் சிபாரிசு செய்தவனும் நானே.

முன்வரிசையில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் அதிகாரி, தஞ்சாவூர்க்காரர், குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். வீடு கிடைத்தால்தான் வருவேன் என்று மனைவி திருச்சியிலேயே இருந்தாள். நான் பிரம்மச்சாரிகள் விடுதியில். இவர் முகம் கோணினால் என் குடித்தனம் கோவிந்தா.

"ஆவி வருதாமே. சாமி படமா?" என்று கேட்டார்.

"கிட்டத்தட்ட, சார்."

முதல் ரீல் ஒழுங்காக ஓடியது. விளக்கைப் போட்டு ரீல் மாற்றினார்கள். அடுத்து, இன்னும் சாகாத போலீஸ்காரன் புகையாகப் பறந்துகொண்டிருந்தான். புரொஜக்டரை நோக்கி ஓடினேன். இரண்டாவது ரீல் பெட்டிக்குள் சாவகாசமாகப் படுத்திருந்தது.

"நிறுத்துய்யா!"

"நக்கோ சாப். ரோகே தோ லோகாம் பத்தர் மாரதே," என்றான் ஆபரேட்டர் அந்த ஊர் உருதுவில், பீடியை வாயிலிருந்து எடுக்காமலே. நிறுத்தினால் கல்லடி என்கிறான். மூன்றாவதை முடித்துவிட்டு இரண்டாவதைப் போடுவதாக ஏற்பாடு.

மறுபடி விளக்கு எரிந்ததும் மைக்கைப் பிடித்தேன். பயத்தில் எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளும் ஒரே வாக்கியத்தில் வந்தன. "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், இதுவரைக்கும் பார்த்தது ஆத்மா. பாடி அபீ ஆத்தா ஹை." உடம்பு இனிமேல்தான் வருகிறது என்று சொன்னதாக நினைப்பு. அவசரத்தில் மைக் கம்பம் சாய்ந்து வேறு தொலைத்தது.

பிறகு போலீஸ்காரன் மனைவியோடு காபி குடித்தான், சுடப்பட்டான், செத்தான். கூட்டம் கைதட்டியது. ஒருவர்கூட எதுவும் கேட்கவில்லை. எந்த ரீலை எங்கே சொருகினாலும் கெடாத படம் அது. கெடுவதற்கு உள்ளே ஏதாவது இருந்தால்தானே.

திங்கட்கிழமை அதிகாரி கூப்பிட்டனுப்பினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"படம் நன்னா புரிஞ்சுது. நடுவுல நீ பேசினியே, அதுதான்யா ஒண்ணும் விளங்கல."

"சாரி, சார்."

"போகட்டும். சினிமான்னா உயிரை விடறே போல. அதுக்குத் தோதா ஒரு வீடு போட்டிருக்கேன்."

மைதானத்தை ஒட்டிய வீடு, திரைக்கு நேர் பின்னால். மனைவி பெட்டியோடு வந்து இறங்கியது ஒரு சனிக்கிழமை இருட்டியதும். சமையலறை ஜன்னலைத் திறந்தாள். வெளியே திரையின் முதுகில், இடவலம் மாறி, ஒரு கதாநாயகன் இடதுகையால் தாலி கட்டிக்கொண்டிருந்தான்.

"இது தினமுமா?" என்றாள்.

"வாரம் ஒருநாள்தான்," என்றேன். ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாதம் வடிக்கப் போனாள்.