காய்ந்திருந்த சவர பிரஷ்

வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால் வேலைக்காரி டாக்மர் மாடிக் குளியலறைக்குப் போவாள். ஐயாவின் சவர பிரஷ்ஷைக் குழாயில் நனைத்து, கொஞ்சம் சோப்பு நுரை ஒட்ட வைத்துவிட்டுக் கீழே வருவாள். நான்கு வருஷமாக இதுதான் வழக்கம்.

ஐயா ரஸ்ஸல் கீன் அந்த வீட்டில் கடைசியாகப் படுத்துத் தூங்கியும் நான்கு வருஷம் ஆகியிருந்தது. கடற்கரைப் பக்கம் வேறு வீடு, வேறொருத்தி. ஆனால் ஹாலிவுட்டுக்கு, நடிகரான அவரும் அவர் மனைவி நடிகை வெர்னா டேலும் பிரியாத ஜோடி. பிரிந்தது வெளியே தெரிந்தால் வெர்னாவின் ஒப்பந்தத்தை ஸ்டுடியோ கிழித்துப் போட்டுவிடும். அதனால் பத்திரிகைக்காரர்கள் வருவதாக ஸ்டுடியோவிலிருந்து ஃபோன் வந்ததும், டாக்மர் அவருடைய சட்டைகளை அலமாரியில் மாட்டுவாள். செருப்பைக் கட்டிலடியில் விடுவாள். இரண்டாவது தலையணையைக் குத்திக் குழியாக்குவாள். ஸ்வீடனிலிருந்து கப்பலேறி வந்தவள், கேட்டாலொழியப் பேசமாட்டாள். வெர்னா அவளை நம்பியதே அதற்காகத்தான்.

வெர்னாவின் புதுப் படம் வெள்ளிக்கிழமை வெளியாக இருந்தது. செவ்வாய் பதினோரு மணிக்கு வரவேண்டிய மிஸஸ் பிராட் பத்துக்கே வந்து நின்றாள். அவள் எழுதும் வம்பை ஊரே காலைக் காபியோடு சேர்த்துக் குடிக்கும். வெர்னா இன்னும் உடுத்திக்கொண்டிருந்தாள்.

"கை கழுவணும்," என்று மிஸஸ் பிராட் மாடியேறினாள். டாக்மர் பின்னாலேயே ஓடினாள். சட்டை, செருப்பு, தலையணை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பிரஷ்ஷை மட்டும் நனைக்கவில்லை.

மிஸஸ் பிராட் அதைக் கட்டைவிரலால் வருடிப் பார்த்தாள்.

"ஏம்மா, காஞ்சு கருவாடா கெடக்கே. ஐயா இன்னிக்கு மூஞ்சி வழிக்கலையா?"

டாக்மர் தரையைப் பார்த்தாள்.

"ஸ்டுடியோவுலயே வழிச்சுக்கறாருன்னு சொல்லேன். நம்பிட்டுப் போறேன்."

அந்த ஒரு வார்த்தை போதும். பிரஷ்ஷை நனைக்கும்போது ஒருநாளும் வராத கூச்சம் இப்போது அதைச் சொல்ல விடவில்லை. காதுமடல் சிவந்துபோனது.

"போதும் தாயே. நீ சொல்லிட்டே," என்று மிஸஸ் பிராட் கையைக்கூடக் கழுவாமல் இறங்கினாள்.

வியாழக்கிழமை பேப்பரில், பிரியாத ஜோடி ஒன்றின் வீட்டில் கணவனின் சவர பிரஷ் காய்ந்து கிடக்கிறது என்று ஒரு வரி வந்தது. பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை.

வெர்னா பேப்பரைச் சமையலறை மேஜையில் வீசினாள். "நாலு வருஷமா கையால பொய் சொன்னே. ஒரு தடவ வாயால சொன்னா பல்லு கொட்டிடுமாடி?"

"வாய் வரலம்மா."

"எனக்கு மட்டும் வந்துதா?" வெர்னா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். "பெட்டியக் கட்டு. என்னை ஸ்டுடியோக்காரங்க அடுத்த வாரம் கட்டச் சொல்லுவாங்க."

சொன்னபடியே நடந்தது. டாக்மர் இன்று கிளெண்டேலில் ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். விவாகரத்தான வெர்னா நியூயார்க்கில் தங்கை வீட்டில் இருக்கிறாள், படம் ஏதும் இல்லை. ரஸ்ஸல் கீனுக்கு இந்த மாதம் இரண்டு படம் ஓடுகிறது.