சேற்றில் நின்று வாங்கிய கைதட்டல்

குரங்கணி மலைப்பாதையில் ஓடும் ஜீப்புக்கு டிரைவர் அவர். நரைத்த மீசை, கழுத்தில் ஈரத்துண்டு. ஏதோ பழைய இங்கிலீஷ் ராக் குழுவின் மேடைக் கச்சேரிப் பதிவுகளை மட்டுமே போடுவார்.

“ஸ்டுடியோவுல பாடுனது இன்னும் சுத்தமா இருக்குமே அண்ணே?” என்றேன்.

“அதுல கத்துறதுக்கு ஆளு ஏது தம்பி?”

மழைச் சேற்றில் ஜீப்பு சிக்கியது. ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகும் பெண்களும் நானும் இறங்கித் தள்ளினோம். ஸ்பீக்கரில் கிதார் ஏறிக்கொண்டே போனது. சக்கரம் எங்கள் மேல் சேற்றை வாரியடித்தது.

“விட்றாதீக ஆத்தா, இந்தா வந்துருச்சு!” என்று உள்ளேயிருந்து டிரைவர் கத்தினார்.

ஜீப்பு துள்ளி மேலேறிய அதே நொடியில் ஸ்பீக்கரில் பெருங்கூட்டம் ஆர்ப்பரித்தது. ஒரு அக்கா சேற்றுக் கையோடு ஸ்பீக்கரைப் பார்த்துக் கும்பிட்டார்.

நேரம் பார்த்துப் போட்டாரா, தானாக அமைந்ததா, தெரியவில்லை. அவரிடம் கேட்டு வாங்கிவந்த அந்தப் பதிவை வீட்டில் கேட்கும்போது அந்த இடம் வந்ததும் எழுந்து நின்றுவிடுகிறேன். அந்தக் கைதட்டல் எங்களுக்கல்லவா!