மடித்து வைத்த ஈய அங்கி

எக்ஸ்ரே அறையில் அவளுக்கு இஸ்திரி அக்கா என்று பெயர். வைத்தவர் ஆம்புலன்ஸ் டிரைவர். பின்னே, காயத்துக்குக் கட்டும் துணியைக்கூட மூலைக்கு மூலை சரிபார்த்து மடிக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

"அக்கா, என் மூஞ்சியில இருக்கிற சுருக்கத்தையும் கொஞ்சம் தேய்ச்சு விடுங்களேன்" என்று வம்புக்கு இழுப்பார்.

"மொதல்ல உங்க வண்டியைக் கூட்டுங்க. உள்ள படுத்தா இல்லாத நோயும் வந்துரும்" என்று அவளும் விட மாட்டாள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆள் கிடையாது. கதவைச் சாத்தாமல் ஒரு படம் எடுக்க மாட்டாள். வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று கேட்காமல் எந்தப் பெண்ணையும் மேஜையில் ஏற்ற மாட்டாள். கதிர் கண்ணுக்குத் தெரியாது, சுடாது, வாசனையும் கிடையாது; அதனால்தான் அதற்குப் பயப்பட வேண்டும் என்பாள். எலும்பு ஆபரேஷன் என்றால் விட்டு விட்டுக் கதிர் ஓடிக்கொண்டே இருக்கும், பக்கத்திலேயே நிற்க வேண்டும். அப்போது போட்டுக்கொள்ளத்தான் ஈய அங்கி. ரப்பரில் ஈயத்தூள் கலந்து செய்தது, போட்டால் தோள்பட்டை கழன்றுவிடும். சாயங்காலம் எல்லா அங்கிகளையும் துடைத்து, நாலாக மடித்து, அலமாரியில் அடுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். அங்கிக்கென்று சுவரில் அடித்திருந்த கொக்கிகளில் எல்லோருடைய குடையும் கைப்பையும் தொங்கின. "கறிக்கடை மாதிரி தொங்க விட எனக்குப் பிடிக்கல" என்பாள்.

கூட வேலை பார்த்த சின்னவள் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து உண்டானாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆபரேஷன் அறைக்குப் பெரும்பாலும் தானே போனாள். முட்டி வலியில் நிற்க முடியாத நாட்களில் மட்டும் சின்னவள் போக வேண்டியிருந்தது. அப்போதும் இருப்பதிலேயே நல்ல அங்கியை எடுத்து, "இது உனக்கு மட்டும்தான். வேற எவ தொட்டாலும் கையை ஒடிச்சிருவேன்" என்று தன் கையாலேயே கட்டிவிட்டாள். சாயங்காலம் அதைத்தான் முதலில் மடித்தாள்.

ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. சின்னவள் வேலைக்கு வரவில்லை.

கருவிகளைச் சோதிக்கிறவர் அதற்குப் பிறகுதான் வந்தார். அங்கிகளை ஒவ்வொன்றாகக் கதிர்க் கருவிக்கு அடியில் விரித்துத் திரையில் பார்த்தார். சின்னவளுடைய அங்கியை விரித்ததும் வயிற்றுக்கு நேராகக் குறுக்கே ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது.

"யாரும்மா இதை மடிச்சது?"

பாராட்டப்போகிறார் என்றுதான் அக்கா நினைத்தாள். "நான்தான் சார். தினமும் மடிச்சு வைப்பேன்."

"மடிக்கவே கூடாதும்மா. மடிப்பு விழுற இடத்துல உள்ள விரிசல் விட்டுரும், கதிர் அது வழியா வந்துரும். வெளியில பார்த்தா புதுசு மாதிரியே இருக்கும். தொங்கத்தான் விடணும். யாரும் சொல்லலையா?"

யார் சொல்வது? பெரிய டாக்டரே அந்த அலமாரியைத் திறந்து காட்டி, "வேலைன்னா இப்படி இருக்கணும்" என்று மற்றவர்களைத் திட்டியவர்தானே!

சின்னவளுக்கு நடந்ததை அக்கா திக்கித் திணறிச் சொன்னாள். சோதிக்க வந்தவர், சின்னவள் அங்கிக்கு உள்ளே வயிற்றருகில் குத்தியிருந்த கதிர் அளக்கும் பட்டையின் கணக்கை வாங்கிப் பார்த்தார்.

"ரொம்பக் கம்மியா இருக்கு. இந்த அளவுக்கெல்லாம் கரு கலையாதும்மா. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"இதனால இல்லன்னு சத்தியம் பண்ணிச் சொல்வீங்களா சார்?"

"எதனால கலைஞ்சுதுன்னு யாராலம்மா சத்தியம் பண்ண முடியும்?"

பாவி மனுஷன், முதல் பேச்சோடு நிறுத்தியிருக்கக் கூடாதா! அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "அவர்தான் இல்லன்னுட்டாரே, நீ எதுக்கு வலியப் போய்த் தலையைக் கொடுக்கற?" என்று புருஷன் சத்தம் போட்டார். அவள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் சின்னவளைப் பார்க்கப் போகாமல் இருக்க முடியவில்லை. அந்த வீட்டுக்கு அவளைப் பார்க்கவென்று வருகிற ஒரே ஆள் அக்காதான். அன்றைக்கும் சின்னவள் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு எப்போதும் சொல்வதையேதான் சொன்னாள். "எல்லாம் என் தப்புதான்க்கா. பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன். மாடிப்படி ஏறாதேன்னு மாமியார் சொன்னாங்க, கேட்கல. என் புள்ளைய நானே தின்னுட்டேன்."

அதற்கு மேல் அக்காவால் தாங்க முடியவில்லை. "உன் தப்பு இல்லடி" என்று ஆரம்பித்தவள், அங்கியையும் திரையில் பார்த்த கோட்டையும் சோதித்தவர் சொன்னதையும் ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள்.

சின்னவள் கத்தவில்லை.

"அதனால இல்லன்னு அவர் சொன்னாருல்ல?"

"சொன்னாரு. ஆனா…"

"அந்த ஆனாவை எதுக்குக்கா எங்கிட்ட கொண்டு வந்தீங்க?" அவள் குரல் உடைந்தது. "இந்த வீட்டுல எல்லாரும் என்னைப் பேசினாங்க. அக்கா வருவாங்கன்னு ஒரு நினைப்புலதான் தாங்கிக்கிட்டு இருந்தேன். இனி நீங்க வந்து கதவைத் தட்டினா நான் எப்படிக்கா திறப்பேன்?"