அம்மிணிக்குப் புரியாமல் போன இரண்டு வார்த்தை

கோட்டைப் பகுதியில் பெயிண்ட் விற்கும் கம்பெனி ஒன்றின் இரண்டாம் மாடியில், மரத் தடுப்புக்குப் பின்னால் இருந்த டெலிபோன் போர்டுதான் அம்மிணிக்கு வேலை. மாட்டுங்காவில் மெட்ரிக் முடித்த கையோடு பத்தொன்பது வயதில் அங்கே போய் உட்கார்ந்தாள். போர்டில் நாற்பது துளை. வெளியிலிருந்து அழைப்பு வந்தால் துளைக்கு மேலுள்ள சின்ன மூடி டக்கென்று விழும். கயிறு போன்ற ஒயரை எடுத்துச் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, இன்னொரு துளையில் இணைக்க வேண்டும். பேச்சு முடிந்ததும் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும்.

அதற்கு வேண்டிய இங்கிலீஷ் மொத்தம் பத்து வாக்கியம். காத்திருக்கச் சொல்ல 'ஹோல்ட் ஆன்'. இணைக்கிறேன் என்பதற்கு 'புட் த்ரூ'. லைன் அறுந்தால் 'கட் ஆஃப்'. பள்ளிக்கூடத்தில் 'புட்' என்றால் வை, 'த்ரூ' என்றால் ஊடே என்று படித்திருந்தாள். இரண்டும் சேர்ந்தால் எப்படி இணைப்பு ஆகும் என்று, வேலை பழக்கிவிட்ட கோவாக்காரி பிலோமினாவிடம் கேட்டாள். "அதையெல்லாம் கேக்காதே. அப்படியே சொல்லு" என்றாள் பிலோமினா. அம்மிணியும் அப்படியே சொன்னாள். சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிவிட்டது. குரல் நன்றாக இருக்கிறது என்று மானேஜரே ஒருமுறை பாராட்டினார்.

இருபத்திரண்டு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை சந்திரமௌலி ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. இங்கிலீஷ் நன்றாக எழுதுவான். "ரயில்லேர்ந்து 'கெட் டவுன்'னு சொல்லாதே, 'கெட் ஆஃப்'னு சொல்லு" என்பான். எது சொன்னாலும் ஸ்டேஷன் வந்தால் இறங்கத்தானே போகிறோம் என்பாள் இவள். அவன் சிரிப்பான். மாட்டுங்காவில் இரண்டு அறை. அவன், அவள், அவன் அம்மா மீனாட்சியம்மாள். குழந்தை இல்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம் ஜூலையில் சந்திரமௌலிக்கு மஞ்சள் காமாலை கண்டது. பத்தியம், கீழாநெல்லி என்று பத்து நாள் வீட்டில் பார்த்தார்கள். பதினோராவது நாள் ஆள் அடையாளம் தெரியாமல் பேச ஆரம்பித்தான். பைகுல்லா பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரைதான் பார்க்க விடுவார்கள். அம்மிணி ஆபீஸ் நம்பரைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்வந்தாள். லீவெல்லாம் காமாலையின் முதல் பத்து நாளிலேயே தீர்ந்திருந்தது.

சேர்த்த நாலாம் நாள், பதினொன்றே கால் மணிக்கு மூடி விழுந்தது. அம்மிணி எடுத்தாள். ஆஸ்பத்திரி சிஸ்டர். அம்மிணிதான் பேசுகிறாள் என்று தெரிந்ததும் அந்தப் பெண்மணி குரலைத் தாழ்த்தி, உங்கள் கணவர் 'புல் த்ரூ' பண்ணுவார் என்று டாக்டருக்குத் தோன்றவில்லை, நீங்கள் 'கம் ஓவர்' பண்ணினால் நல்லது என்றார்.

போர்டில் இன்னும் மூன்று மூடி விழுந்து கிடந்தன. அம்மிணிக்கு 'த்ரூ' என்றால் லைன் கிடைப்பது. 'புல்' என்றால் ஒயரை இழுப்பது. கணவனைப் பற்றி டாக்டர் பேச நினைத்தாராக்கும், அவருக்கு லைன் கிடைக்கவில்லையாக்கும் என்று எடுத்துக்கொண்டாள். 'ஓவர்' என்றால் முடிந்தது. சினிமா ஓவர், ஆபீஸ் ஓவர். வேலை முடிந்ததும் வா என்கிறார், எப்படியும் நாலு மணிக்கு மேல்தானே உள்ளே விடுவார்கள்.

"பரவாயில்லை சிஸ்டர், தாங்க் யூ" என்றாள் இங்கிலீஷில்.

 அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். அம்மிணி ஒயரைப் பிடுங்கி அடுத்த துளையில் செருகினாள்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம். டைப்பிஸ்ட் ஷ்யாமளாவும் அவளும் ஒரே மேஜையில் டப்பாவைத் திறப்பது வழக்கம். தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே அம்மிணி கேட்டாள்: "ஷ்யாமளா, டாக்டருக்கு லைன் கிடைக்கலைன்னா 'புல் த்ரூ'ன்னா சொல்லுவா?"

"டாக்டரா? யார் சொன்னா? முழுசாச் சொல்லு."

அம்மிணி கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னாள். சொன்னதைச் சொன்னபடி ஒப்பிப்பது அவள் தொழில். ஷ்யாமளா டப்பாவை மூடினாள்.

"எழுந்திரு. கையை அலம்பிக்கோ. அது லைன் இல்லேடி. அவர் பொழைக்க மாட்டார்னு அர்த்தம். உடனே வான்னு சொல்லியிருக்கா."

டாக்ஸியில் ஷ்யாமளாவும் கூட வந்தாள். மழை விட்டிருந்தது. கோட்டையிலிருந்து பைகுல்லா அப்படியொன்றும் தூரமில்லை. இருபது நிமிஷத்தில் போய்விட்டார்கள். சந்திரமௌலி பன்னிரண்டே முக்காலுக்கு இறந்திருந்தான். வேறு ஓர் அறையில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். "நீங்கள் வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்" என்றார் சிஸ்டர். அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. இந்த வாக்கியம் அம்மிணிக்கு நன்றாகவே புரிந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. உறவுக்காரர்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதபோதும் வரவில்லை. மூன்றாம் நாள் மீனாட்சியம்மாள் கேட்டாள்: "ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துதாமே. நீ எப்போ கெளம்பினே?"

"வந்த ஒடனே கெளம்பிட்டேன்மா."

மீனாட்சியம்மாள் தலையாட்டினாள். பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஷ்யாமளாவும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அம்மிணி போர்டுக்குத் திரும்பினாள். நெற்றியைப் பார்த்துவிட்டுப் பெண்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அவளுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. காலையில் எட்டு இருபத்தாறு வண்டி, சாயங்காலம் ஆறு மணி வண்டி. சாப்பிட்டால் உப்பு இருக்கிறதா என்று தெரியாது. நடுவில் காதில் விழுவதெல்லாம் வார்த்தைகள்தாம். ஒரு நாள் சேல்ஸ் ஆபீசர் யாரிடமோ, ஒப்பந்தம் 'ஃபால் த்ரூ' ஆகிவிட்டது என்றார். முறிந்துவிட்டதாம். அதே 'த்ரூ'. முன்னால் 'புட்' வந்தால் இணைப்பு, 'புல்' வந்தால் உயிர் பிழைப்பது, 'ஃபால்' வந்தால் முறிவு. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது, 'புட் அவுட்' என்றால் அணைப்பது, 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது. ஷ்யாமளா லைப்ரரியிலிருந்து தடி அகராதி ஒன்று எடுத்து வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அம்மிணி அதைப் புரட்டுவாள். தெரிந்துகொள்ளும் சந்தோஷம் எதுவும் இல்லை. பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவதுபோல் ஒவ்வொன்றையும் பார்த்தாள். ஒரு வருஷத்தில் முந்நூறுக்கு மேல் ஆனது. அதோடு அகராதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அறுபத்தைந்தில், கோடவுனில் டப்பாக்களை அட்டைப் பெட்டியில் அடுக்கும் சொரிமுத்து மாடிக்கு வந்து தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். தாராவிக்காரன், திருநெல்வேலி ஆள். மனைவி இசக்கிக்குக் குடல்வால் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் ஆபீஸ் நம்பர் கொடுத்திருப்பதாகச் சொன்னான். "போன் வந்தா ஒரு சத்தம் குடுங்கம்மா. எனக்கு அவுக பேசுத இங்கிலீசு வெளங்காது."

மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. ஓர் இளம் டாக்டர் மளமளவென்று, பேஷண்ட் 'கம் ரவுண்ட்' ஆகிவிட்டாள், கணவனிடம் சொல்லிவிடுங்கள் என்றார். 'கம் ரவுண்ட்' என்றால் மயக்கம் தெளிவது. அம்மிணி அகராதியில் படித்திருந்தாள். அவளுக்குத் தெரியும். ஆனாலும் கை ஒயரைப் பிடுங்க வரவில்லை. மானேஜர் எதிர்பார்த்துக் காத்திருந்த கல்கத்தா ட்ரங்க் கால் வந்து, இன்னொரு மூடி டக்கென்று விழுந்தது. அம்மிணி அதைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"டாக்டர், எளிய இங்கிலீஷில் சொல்லுங்கள். உயிரோடு இருக்கிறாளா, இல்லையா?"

"என்னம்மா கேள்வி இது? மயக்கம் தெளிந்துவிட்டது என்றுதானே சொன்னேன்!"

"உயிரோடு இருக்கிறாள். அப்படித்தானே?"

"இருக்கிறாள். தண்ணீர் கேட்கிறாள்."

"கணவன் உடனே வர வேண்டுமா, சாயங்காலம் வந்தால் போதுமா?"

"சாயங்காலம் போதும்."

சொரிமுத்துவைக் கூப்பிட்டு, "நன்னா இருக்கா. தண்ணி கேட்டாளாம். சாயங்காலம் போய்ப் பாரு" என்றாள். அவன் தடுப்பின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான். அம்மிணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னிடமும் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். அசையவில்லை.

அதற்குள் கல்கத்தா லைன் அறுந்துபோயிருந்தது. திரும்பக் கிடைக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் அவள் மேஜைக்கு மெமோ வந்தது: கோடவுன் ஆளின் சொந்த விஷயத்துக்காக ட்ரங்க் காலைக் கவனிக்காமல் விட்டதற்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

வீட்டுக்கு எடுத்துப் போனாள். மீனாட்சியம்மாள் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மிணி எதிரில் தாளை விரித்து உட்கார்ந்து, இரண்டு வரி எழுதி அடித்தாள். மறுபடி எழுதி மறுபடி அடித்தாள்.

"என்னது அது?"

"ஆபீஸ்ல விளக்கம் கேட்டிருக்கா." நிறுத்தினாள். "அம்மா, அன்னிக்கு போன் வந்த ஒடனே நான் கெளம்பலை. எனக்கு அர்த்தம் புரியலை. ரெண்டு மணி நேரம் ஒக்காந்து வேலை பாத்துண்டிருந்தேன்."

சிஸ்டர் சொன்ன இரண்டு வார்த்தையையும், தான் என்ன நினைத்துக்கொண்டாள் என்பதையும் சொன்னாள். தாங்க் யூ சொன்னதையும் விடவில்லை. மீனாட்சியம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சாகப் போறான்கிறதை இங்கிலீஷ்ல அப்படியா சொல்லுவா?"

"அப்படியும் சொல்லுவா."

"நேரே சொன்னா என்னவாம்?"

  மீனாட்சியம்மாள் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. "நானும் அன்னிக்கு ஆத்துலதான் இருந்தேன். இங்கே போனே இல்லை, எனக்கும் ஒண்ணும் தெரியலை" என்றாள். கத்தியை எடுத்து மிச்சக் காயை நறுக்கினாள்.

அம்மிணி ஒரே வாக்கியம் எழுதினாள்: செய்தி சரியாகப் புரியும்வரை கேட்டேன். மானேஜர் கையெழுத்துப் போட்டு ஃபைலில் சேர்க்கச் சொன்னார். அந்த வருஷம் அவள் குரலை யாரும் பாராட்டவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து யாருக்கு அழைப்பு வந்தாலும், திருப்பிச் சொல்லுங்கள் என்று அவள் கேட்பது வழக்கமாகிவிட்டது. சிலர் எரிந்து விழுந்தார்கள். அவள் காத்திருந்து மறுபடி கேட்டாள்.